ஒகயாமா, மத்சுயாமா, ககோஷிமா: உள்ளூர்ப் பேரங்காடிகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

தென்றல்வழி:

வணக்கம். 2026 நவம்பர் நடுவில் கணவருடனும் மாமியாருடனும் மேற்கு ஜப்பானுக்குச் செல்கிறேன். ஒசாகாவில் இறங்கி, ஒகயாமா, மத்சுயாமா, ககோஷிமா ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டு ஃபுகுவோகாவிலிருந்து ஊர் திரும்புவதாகத் திட்டம். தோக்கியோ இம்முறை பயணத்தில் இல்லை. கின்சாவையும் ஷின்ஜுகுவையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் சிறிய நகரங்களில் அந்தந்த ஊருக்கே உரிய பழைய பேரங்காடிகளை (டிபார்ட்மென்ட் ஸ்டோர்) பற்றிப் பயணியின் பார்வையில் எழுதியவர்கள் குறைவு. அவற்றில் நமக்கு வாங்குவதற்கு ஏதேனும் உண்டா, இல்லை அவை உள்ளூர்ப் பெரியவர்கள் துணிமணி எடுக்கும் இடங்கள் மட்டும்தானா? கடைசி நாளில் விமான நிலையத்தில் நான்கு இனிப்புப் பெட்டிகளை வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது என்கிறார் என் கணவர். மாமியார் சுத்த சைவம்; முட்டையும் சேர்க்கமாட்டார். ஓர் ஊருக்கு அரை நாளுக்கு மேல் கடைகளுக்காக ஒதுக்க முடியாது என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

ஹகாத்தாவாசி:

ஃபுகுவோகாவில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: போய்ப் பாருங்கள், ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள். இந்த அங்காடிகளின் தரைத்தளத்தில் இருக்கும் அழகுசாதனங்களும் வெளிநாட்டுக் கைப்பைகளும் உலகெங்கும் கிடைப்பவைதாம். அவற்றில் தெரிவும் பெருநகரத்தைவிடக் குறைவு. அந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுக்க எதை வாங்குகிறார்களோ, அதுதான் பயணி வாங்கத் தக்கது. கோடையில் ஒருமுறையும் ஆண்டிறுதியில் ஒருமுறையும் தமக்கு உதவியவர்களுக்கும் உறவினர்களுக்கும் பரிசு அனுப்பும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அந்தப் பரிசு இன்ன கடையின் தாளில் சுற்றப்பட்டு வந்தது என்பதற்கே பழைய தலைமுறையிடம் ஒரு மதிப்புண்டு. அதனால், எந்த இனிப்புக்கடையை உள்ளே அனுமதிப்பது, எந்தக் குயவரின் கிண்ணத்தை வைப்பது என்பதில் அங்காடி தன் பெயரையே பணயம் வைக்கிறது. அந்தத் தேர்வின் பயன் அரை நாள் மட்டும் தங்கும் பயணிக்கும் சேர்கிறது.

நீங்கள் போகும் மூன்று ஊர்களிலும் உள்ளவை மூன்று விதமானவை. ஒகயாமாவின் தென்மாயா, 1829-ல் சைதாய்ஜியில் சில்லறைப் பொருட்கள் விற்கும் சிறு கடையாகத் தொடங்கியது. இன்றைய தலைமை அங்காடி ஒமோதேச்சோ கடைவீதியில், தன்னோடு ஒட்டிய பேருந்து நிலையத்துடன் நிற்கிறது. ககோஷிமாவின் யமகதாயா இன்னும் பழையது. வடக்கே யமகதாவிலிருந்து வந்த ஒரு வணிகர் 1751-ல் தொடங்கியதால் அந்தப் பெயர். மத்சுயாமாவின் இயோதெத்சு தகாஷிமாயா இரயில் நிறுவனத்தின் பிள்ளை: கீழே புறநகர் இரயில் நிலையம், நடுவே கடைகள், கூரையில் ஒரு பெரிய இராட்டினம். மாமியாரால் அதிகம் நடக்க முடியாதென்றால் மூன்றிலும் இதுவே எளிது.

உள்ளே நுழைந்ததும் மின்தூக்கியில் நேராக மேல்தளத்திற்குப் போய்விடுங்கள். சிறப்பு விற்பனைக் கூடம் வழக்கமாக அங்கேதான் இருக்கும். மேலே கூட்டத்தை வரவழைத்தால் இறங்கும் வழியில் ஒவ்வொரு தளத்திலும் ஏதாவது வாங்குவார்கள் என்ற பழைய வணிகக் கணக்கு அது. இதனை இங்கே ‘ஷவர் விளைவு’ என்கிறார்கள். பாத்திரங்களும் கைவினைப் பொருட்களும் பெரும்பாலும் மேல்தளங்களில் இருக்கும். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக ‘டெபாச்சிகா’ என்று எல்லோரும் சொல்லும் அடித்தள உணவுக்கூடத்திற்கு வாருங்கள். உணவைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரக் கடையில் அலைவதைப் போன்ற தொல்லை வேறில்லை.

கூட்டல்கழித்தல்:

மேலே எழுதிய நண்பர் மீது மதிப்பு உண்டு. ஆயினும் இதில் பாதியைத்தான் ஏற்பேன். ஒகயாமாவின் புகழ்பெற்ற கிபிதாங்கோ என்ற உருண்டை இனிப்பு, இரயில் நிலையத்தின் நினைவுப்பொருள் கடையில் அதே தயாரிப்பாளரின் அதே பெட்டியாக, அதே விலைக்குக் கிடைக்கிறது. நிலையக் கடைகள் இரவு வரை திறந்திருக்கும்; பேரங்காடியோ காலை 10 மணிக்குத் திறந்து மாலை 7 மணியளவில் மூடிவிடும். மருந்துக்கடையிலும் தள்ளுபடிக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் சாக்லேட்டையும் முகப்பூச்சையும் வாங்கிக்கொண்டு, மிச்ச நேரத்தில் கொராகுயென் தோட்டத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஜப்பானில் இருப்பவருக்குப் பேரங்காடி ஒரு பழக்கம். சில நாட்களே தங்கும் குடும்பத்திற்கு அது எதற்கு?

ஹகாத்தாவாசி:

விலை பற்றிய உங்கள் கூற்று சரியே. ஒரே தயாரிப்பாளரின் இனிப்பு எங்கே வாங்கினாலும் பெரும்பாலும் ஒரே விலைதான். பேரங்காடியில் வாங்குவதால் மலிவும் இல்லை, கூடுதலும் இல்லை. ஆனால் நிலையக் கடையில் 10 அடங்கிய பெட்டிதான் இருக்கும். அங்காடியின் தட்டிலோ பல இனிப்புகள் தனித்தனியாகவே விற்கப்படும். ஒன்றை வாங்கித் தின்று பார்த்து, பிடித்தால் பெட்டியாக வாங்கலாம். ஓதே மன்ஜூ என்ற ஒகயாமாவின் மெல்லிய தோல் கொண்ட இனிப்பை இப்படித்தான் முதலில் ஒன்றாக வாங்க வேண்டும். அதனுள் தோலைவிடச் சிவப்பு அவரைப் பூரணமே அதிகம். இனிப்பு தூக்கலாக இருப்பதால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது சிப்பமிடுதல். பரிசுக்கு என்று சொல்லிவிட்டு முகப்பில் நிற்கும் பெண்மணியின் கைகளைப் பாருங்கள். தாளின் மேல் பெட்டியைச் சாய்வாக வைத்து, ஒரு மூலையை மடித்து, பெட்டியையே உருட்டுவார்; தாள் தானாக வந்து ஒட்டிக்கொள்வதைப் போலத் தோன்றும். முடிவில் ஒட்டும் நாடா ஒரு துண்டு, மிஞ்சினால் இரண்டு. எத்தனை பேருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் அத்தனை சிறிய பைகளையும் மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். வெளியே மழை பிடித்துவிட்டால் உள்ளே ஒலிக்கும் இசையை மாற்றி ஊழியர்களுக்குத் தெரிவிக்கும் பழக்கம் பல அங்காடிகளில் உண்டு. அதன்பின் நீங்கள் கேட்காமலே காகிதப்பையின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை ஏறிவிடும். குளிரூட்ட வேண்டிய இனிப்பென்றால், எவ்வளவு நேரம் கையில் எடுத்துச் செல்வீர்கள் என்று கேட்டு, அதற்கேற்பப் பனிக்கட்டிப் பொதிகளை வைப்பார்கள். இந்தக் கேள்வியை எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருங்கள். மொழி தெரியாதவர்கள் பலர் இங்கேதான் விழிக்கிறார்கள். விரல்களால் மணிக்கணக்கைக் காட்டினாலே போதும்.

கைவினைப் பொருட்களை இரயில் நிலையம் ஈடுசெய்யாது என்பதே என் முக்கியமான வாதம். பிசென் மண்பாண்டங்கள் மெருகு பூசாமல், விறகுச் சூளையில் பல நாட்கள் சுடப்படுபவை. சாம்பல் விழுந்த இடமும் வைக்கோல் சுற்றிய இடமும் ஒவ்வொரு கிண்ணத்திலும் வேறு வேறு நிறமாகத் தெரியும். தென்மாயாவில் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து எடையை உணரலாம். பெயர் பெற்ற கலைஞரின் படைப்பென்றால் அவர் கையெழுத்திட்ட மரப்பெட்டியோடு தருவார்கள். அதற்கேற்ப விலையும் எகிறும். பயன்பாட்டுக்கு என்றால் பெட்டியில்லாத தேநீர்க் கிண்ணமே போதும். அரை நாளை முழு நாளாக்க முடிந்தால் சூளைகள் இருக்கும் இன்பே என்ற ஊருக்கே இரயிலில் போகலாம், முடியாதவர்களுக்குத்தான் பேரங்காடி.

கறிவேப்பிலை:

சைவ உணவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை நான் எழுதுகிறேன், ஏனென்றால் டெபாச்சிகாவில் எதையும் தொட முடியாது என்று நினைத்துப் பல குடும்பங்கள் அடித்தளத்திற்கு இறங்காமலே திரும்பிவிடுகின்றன. சமைத்த உணவுப் பகுதியை மறந்துவிடுங்கள். காய்கறிப் பொரியலைப் போலத் தோன்றுபவற்றிலும் உலர்மீன் சாறு இருக்கும். ஒவ்வாமைப் பட்டியலைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதும் முழுப் பயன் தராது: ஜப்பானில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டியவை முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, வேர்க்கடலை, பக்வீட் என்ற தானியம், வால்நட் போன்ற சில பொருட்கள்தாம். சாற்றுக்குப் பயன்படும் போனிட்டோ மீன் அந்தப் பட்டியலிலேயே வராது. எனவே முட்டைக்கும் பாலுக்கும் பட்டியலை நம்பலாம். மீனுக்கு நம்பக்கூடாது, பின்புறம் அச்சிட்ட மூலப்பொருள் வரியைத் தொலைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவில் படித்தே ஆக வேண்டும்.

ஆனால் மரபான இனிப்புகளில் நமக்கு ஏராளமாக இருக்கிறது. யோகான் என்பது அவரைப் பூரணம், சர்க்கரை, கடற்பாசி எனப்படும் அகர் ஆகியவற்றால் கட்டியாக்கப்பட்டது. பல வாரங்கள் கெடாமல் இருப்பதால் ஊருக்கு எடுத்துவர இதைவிடப் பொருத்தமானது இல்லை. ககோஷிமாவின் கருகான், காட்டு வள்ளிக்கிழங்கை அரைத்து அரிசிமாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. மரபான முறையில் முட்டையும் பாலும் இல்லை. வெண்மையாக, மெத்தென்று, கடிக்கையில் சற்றே ஈரமாக இருக்கும். உங்கள் மாமியாருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். மத்சுயாமாவில் ‘தார்ட்’ என்ற பெயரில் யூசு எலுமிச்சை மணக்கும் பூரணத்தைச் சுருட்டிய இனிப்பு எங்கும் கண்ணில் படும். அதன் வெளிப்பகுதி முட்டை சேர்த்த கேக் என்பதால் அவருக்கு ஆகாது. புதிய வகைக் குளிர் இனிப்புகளில் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. வாங்கியதை நடந்துகொண்டே தின்ன வேண்டாம். உணவுக்கூடத்தில் அது முகம் சுளிக்கவைக்கும் செயல். இருக்கை போட்ட மூலையோ கூரைத்தளமோ இருக்கும். தகவல் மேசையில் கேட்டால் காட்டுவார்கள்.

உணவகத் தளத்தில் சைவத்திற்கு வழியில்லை என்றே கொள்ளுங்கள். கணவர் அசைவம் என்றால், யமகதாயாவின் பெரிய உணவகத்தில் மொறுமொறுப்பாகப் பொரித்த நூடுல்ஸ் மீது கெட்டியான குழம்பை ஊற்றித் தரும் யாகிசோபா அந்த ஊர்க் குடும்பங்களுக்குத் தலைமுறைகளாகப் பழகிய உணவு. மேசையில் இருக்கும் காடிக்கலவையை ஊற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள்.

வரிச்சீட்டு:

நீங்கள் செல்லும் காலம் வரிவிலக்கு முறை மாறும் காலமாக இருப்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். 2026 அக்டோபர் 31 வரை, கடவுச்சீட்டைக் காட்டினால் அங்காடியிலேயே நுகர்வு வரியைக் கழித்துவிடுவார்கள் அல்லது தனி முகப்பில் திருப்பித் தருவார்கள். நவம்பர் 1 முதல் முழு விலையையும் வரியோடு கட்டிவிட்டு, வாங்கிய 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதிப்படுத்திய பிறகே தொகை திரும்ப வரும். ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்க வேண்டும் என்ற வரம்பு தொடர்கிறது. உணவுப்பொருளைத் திறக்க முடியாத பையில் முத்திரையிட்டுத் தரும் தொல்லை ஒழிகிறது. அதற்காக அந்த நாட்டிலேயே தின்றுவிட்டு வரி கேட்கலாம் என்று பொருளில்லை. சுங்கத்தில் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால், பெரிய பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள். பொருளை நாமே தனியாக அஞ்சலில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதைச் சுங்கத்தில் காட்டித் தப்பிக்கும் வழி 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. மண்பாண்டங்களை அஞ்சலில் அனுப்ப எண்ணுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ளவும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பொருட்களுக்கு வரி 10 விழுக்காடு, எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 விழுக்காடு. 5,000 யென்னுக்கு இனிப்பு வாங்கினால் திரும்பக் கிடைப்பது 400 யென். அதிலும் பல பேரங்காடிகள் கையாளும் கட்டணமாக ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது வழக்கமாக இருந்திருக்கிறது. அதற்காக மாமியாரை அரை மணி நேரம் நிற்கவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பிசென் கிண்ணமோ கண்ணாடிப் பொருளோ வாங்கினால் மட்டும் முயலுங்கள். பெரிய பேரங்காடிக் குழுமங்கள் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 5 விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு தருவதுண்டு. உணவும் பெரும் பிராண்டுகளும் அதில் சேராது. பெயரில் தகாஷிமாயா என்று இருப்பதால் ஒசாகாவில் பெற்ற தள்ளுபடிச் சீட்டு மத்சுயாமாவில் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். அது தனி நிறுவனம். கடன் அட்டையை நீட்டும்போது யென்னிலா ரூபாயிலா என்று கருவி கேட்டால் யென்னையே தேர்ந்தெடுங்கள்.

ஹகாத்தாவாசி:

எங்களைப் போல இங்கேயே வசிப்பவர்களுக்கு இந்த வரிவிலக்கு கிடையாது. எங்களுக்கென்று ‘தோமோனோகாய்’ என்ற அங்கத்தினர் சேமிப்பு இருக்கிறது: மாதம் ஒரு தொகையாக 12 மாதங்கள் கட்டினால் 13 மாதத் தொகைக்கு வாங்கலாம். நம் ஊர் நகைக்கடைச் சீட்டை அப்படியே பார்த்ததைப் போல இருக்கும். பயணிக்கு இதில் பயனில்லை. ஆனால் முகப்பில் எதையாவது சொல்லி அட்டையைக் கேட்டால் அது அங்காடியின் அட்டை இருக்கிறதா என்ற கேள்வியாகத்தான் இருக்கும், தலையை ஆட்டி இல்லை என்றால் போதும்.

தடம்பார்ப்பவன்:

ஒரு எச்சரிக்கை. பழைய வலைப்பதிவுகளைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள், ஏனெனில் இந்த அங்காடிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. 1700-ல் தொடங்கிய யமகதாவின் ஓனுமா 2020 சனவரியில் திவாலானது. அத்துடன் அந்த மாநிலத்தில் பேரங்காடியே இல்லாமற்போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொகுஷிமாவின் சோகோ மூடப்பட்டது. 2024 சனவரியில் மட்சுவேயின் இச்சிபாதாவும், அதே ஆண்டு சூலையில் கிஃபுவின் தகாஷிமாயாவும் கதவடைத்தன. மத்சுமோதோவின் இனோவே 2025 மார்ச்சில் தன் நிலைய முன் கடையை மூடியது. நீங்கள் போகும் யமகதாயாவும் 2024-ல் கடன் கொடுத்தவர்களின் ஒப்புதலோடு மறுசீரமைப்பில் இறங்கிய அங்காடிதான்; அது தொடர்ந்து இயங்கிவருகிறது.

காரணம் பெரும்பாலும் ஒன்றே: மக்கள்தொகை குறைந்து, இருப்பவர்களும் காரில் புறநகர்ப் பெருங்கடைகளுக்குப் போய்விட்டார்கள். அதோடு, 2013-ல் திருத்தப்பட்ட சட்டம் பெரிய பழைய கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனைச் சோதித்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. வலுப்படுத்தும் செலவைத் தாங்க முடியாத அங்காடிகள் பல. வடக்கே ஹனமாகியில் மருகான் பேரங்காடி 2016-ல் மூடப்பட்டபின், அதன் பெரிய உணவகம் மட்டும் 2017-ல் உயிர்பெற்றது. அங்கே விரலால் எண்ணத்தக்க சுருள்களாக உயர்ந்து நிற்கும் மென்பனிக்கூழை மரக்குச்சிகளால் பக்கவாட்டில் வழித்துச் சாப்பிடுகிறார்கள். நக்கிச் சாப்பிட முயன்றால் சாய்ந்துவிடும். உங்கள் வழியில் இல்லாத ஊர். ஆயினும் வடக்கே போகிறவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

கூட்டல்கழித்தல்:

மூடப்படுகிறது என்பது வாங்குவதற்கான காரணமாகாது; இரக்கத்தால் பணம் செலவழிக்க யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் தனித்தனியாக வாங்கித் தின்று பார்க்கலாம் என்பதும், மண்பாண்டத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதும் நியாயமான காரணங்கள். மூன்றுக்கும் போகாமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். அதற்கும் மாலையில் போவதே நல்லது; மூடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு உணவுக்கூடத்தில் விலைக்குறைப்புச் சீட்டுகளை ஒட்டத் தொடங்குவார்கள்.

கறிவேப்பிலை:

சீட்டு ஒட்டுவது பெரும்பாலும் சமைத்த உணவுக்கும் மீனுக்கும்தான். பெட்டியில் வைத்த இனிப்புக்கு அந்தக் கழிவு கிடைப்பது அரிது. சைவக் குடும்பம் அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை. காலை 10 மணிக்குப் போங்கள்: கதவு திறந்ததும் ஊழியர்கள் தத்தம் இடத்தில் நின்று தலைதாழ்த்தி வரவேற்பார்கள், அன்று செய்த புதிய இனிப்புகளும் தீராமல் இருக்கும்.

தென்றல்வழி:

அனைவருக்கும் நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன். யாகிசோபா என்ற சொல்லுக்குப் பிறகு அவருடைய எதிர்ப்பு குறைந்துவிட்டது. மத்சுயாமாவில் காலையிலும் ககோஷிமாவில் மதியமும் என்று வைத்துக்கொண்டு, ஒகயாமாவில் மாமியாரின் உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்வோம். ககோஷிமாவில் நவம்பரில் ஹொக்கைடோ உணவுத் திருவிழா நடக்கும் என்று எங்கோ படித்தேன். அதற்கும் அந்த ஊருக்கும் என்ன தொடர்பு? மேலும், மத்சுயாமாவில் வாங்க வேண்டிய கைவினைப் பொருள் எதுவென்று யாரும் சொல்லவில்லையே.

ஹகாத்தாவாசி:

தொடர்பு எதுவும் இல்லை, தூரம்தான் காரணம். தெற்குக் கோடியில் இருப்பவர்களுக்கு வடக்குக் கோடியின் நண்டும் பால்பொருட்களும் அரியவை. யமகதாயாவில் இலையுதிர்காலத்தில் நடக்கும் அந்த ஹொக்கைடோ விற்பனை நாடெங்கும் பேர்பெற்றது. நீங்கள் போகும் நாளில் அது நடந்தால் மேல்தளத்தில் நெருக்கித் தள்ளும் கூட்டம் இருக்கும். மாமியாரோடு அங்கே ஏறாதீர்கள், கருகானுக்கு அடித்தளம் போதும். கைவினைத் தளத்தில் சத்சுமா கிரிகோ என்ற வெட்டுக்கண்ணாடி இருந்தால் நின்று பாருங்கள். ஷிமாசு பிரபுக்களின் ஆதரவில் 1850-களில் செழித்து, பிறகு அடியோடு மறைந்து, 1985-ல் மீட்கப்பட்ட கலை அது. நிறக்கண்ணாடியின் தடித்த அடுக்கைச் சாய்வாக வெட்டுவதால் நிறம் கரைந்து வெண்மையாவதைப் போலத் தோன்றும். சிறு குவளைக்கே விலை கண்ணைக் கட்டும்; பார்ப்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

மத்சுயாமாவில் வாங்க வேண்டியது இமாபாரி துண்டு. அந்த ஊர் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. சிவப்பு, நீலம், வெள்ளை நிறச் சின்னமும் சான்று எண்ணும் அச்சிட்ட சீட்டு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். துண்டிலிருந்து வெட்டிய சிறு பகுதியைத் தண்ணீரில் இட்டால் 5 நொடிகளுக்குள் மூழ்க வேண்டும் என்பது அவர்களுடைய தர அளவுகளில் ஒன்று. தடித்த குளியல் துண்டை எடுக்காதீர்கள். பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், சென்னை மழைக்காலத்தில் காயவும் காயாது. மெல்லிய பருத்தி இழையில் நெய்த முகத்துண்டுகளை எடுங்கள். கொடுக்கவும் எளிது, உடையாது, முட்டையும் இல்லை.